பேரைச் சொல்லிட்டு எடுத்துக்குங்க

மணிமொழியின் வீட்டில் அடி வாங்காத ஆள் கிடையாது. ‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்று ஒரு பழமொழி சொல்வார்கள். அதை முதலில் சொன்னவன் கருநெல்லிக்கு வந்து அவளுடைய அண்ணன் அய்யப்பனைப் பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பான். அய்யப்பன் உதவி என்று கிளம்பினால் அடியாகத்தான் போய் இறங்குவான்.

கருநெல்லி கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கிறது. நான் கீழே வடக்கனந்தல்காரி. மலையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். தினமும் ஸ்கூட்டியில் ஏறி இறங்குகிறேன். மணிமொழி அதே பள்ளியில் தற்காலிகக் கணக்கு ஆசிரியை. மலை ஜனம் என்றாலே பாவம், சாது, ஏமாளி என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இவள் சாது இல்லை. பஸ்ஸில் வேண்டுமென்றே இடித்தவனை டிபன் கேரியரால் முகத்தில் அடித்தாள். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனான். அந்த டிபனை மதியம் இரண்டு பேரும் பகிர்ந்து சாப்பிட்டோம். புளிசாதம் கொஞ்சம் குழைந்திருந்தது.

அவளுடைய அப்பா தர்மன், மரவள்ளிக் காட்டுக்குப் பன்றிக் காவல் போனவர். கையில் இருந்தது உள்ளூரில் செய்த நாட்டுத் துப்பாக்கி. வெடிமருந்தை ஜாஸ்தியாகக் கெட்டித்துவிட்டார் போலிருக்கிறது. பன்றியைக் குறிபார்த்துச் சுட்டது அவர் முகத்திலேயே வெடித்தது. காலையில் தேடிப் போன அய்யப்பன் வேட்டியை வைத்துத்தான் அப்பாவை அடையாளம் சொன்னான். அப்போது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. மணிமொழி பாவாடை சட்டை போட்ட பிள்ளை.

துப்பாக்கிக்கு லைசென்ஸ் இல்லை. செத்தவனை விசாரிக்க முடியாதே, அதனால் போலீஸ்காரர்கள் மகனைக் கூட்டிப்போனார்கள். யார் செய்தது, இன்னும் யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு உள்ளங்காலிலேயே அடித்தார்கள். அவன் யாரையும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பல நாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான். அடித்தவர்களில் ஒருவர் களைத்துப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் அவன் மண்டையில் ஆணியாக இறங்கிவிட்டது. “லைசென்ஸ் ஒண்ணு இருந்திருந்தா உன்ன எவன்டா தொடப்போறான்?”

அன்றிலிருந்து அய்யப்பனுக்கு லைசென்ஸ் என்றால் ஒரே அர்த்தம்தான். அது இருந்தால் அடி விழாது. இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். இந்த ஒரு பாடத்தை மட்டும் அவன் மறக்கவே இல்லை.

மணிமொழி விடுதியில் தங்கிப் படித்தாள். அங்கே ஒரு வார்டன் அம்மா கேபிள் ஒயரால் அடிப்பார். முதுகில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. ஒருநாள் குளத்தில் குளிக்கும்போது பார்த்தேன். பி.எஸ்சி. முடித்தாள், பி.எட். முடித்தாள். ஆசிரியர் தகுதித் தேர்வுக்குக் கோச்சிங் போக வசதியில்லை. கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை ராஜேஷ், மலையிலேயே வேறு ஊர். கொஞ்சம் நிலம், நிறைய சந்தேகம்.

அவள் செல்போனில் படித்தாள். பல்கலைக்கழகங்கள் இலவசமாகப் போட்டிருக்கிற வகுப்புகள், அரசாங்கத்தின் பாடங்கள், யாரோ எந்த ஊரிலோ உட்கார்ந்து ஊருக்கெல்லாம் தந்திருக்கும் புத்தகங்கள். கருநெல்லியிலும் சரி, புருஷன் ஊரிலும் சரி, சிக்னல் வராது. கள்ளக்குறிச்சி போகும் நாளில் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இறக்கிக்கொண்டு வருவாள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படி ‘ஓசிப் படிப்புல இன்னா இருக்கப்போவுது’ என்று கேட்டவர்கள் உண்டு. அவள் பல்லைப் பார்க்கவில்லை, பாலைக் கறந்தாள்.

ஒருநாள் அடுப்படியில் உட்கார்ந்து காதில் ஒயரைச் செருகிக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். ராஜேஷ் வந்து ஒயரைப் பிடுங்கித் தன் காதில் வைத்தான். ஆண் குரல்.

“யார்ரீ இவன்?”

“வாத்தியாருய்யா. கணக்கு வாத்தியாரு. மெட்ராஸ் பக்கம்.”

“மெட்ராஸ்காரன் ஏன்டீ உங்காதுல வந்து குசுகுசுன்றான்? ஏய், நீ யார்ரா? பேர்ரா உன் பேரு!”

அது எப்போதோ பதிவு செய்து வைத்த பாடம். வாத்தியார், பாவம், அவர் பாட்டுக்கு, “நல்லது, இப்ப அடுத்த கணக்குக்குப் போகலாமா?” என்றார்.

ராஜேஷுக்கு அது திமிராகப் பட்டது. போனை ஆட்டுக்கல்லில் வைத்துக் குழவியால் நசுக்கினான். அதோடு அவன் கோபம் தீரவில்லை. அடுப்பில் எரிந்துகொண்டிருந்த விறகை உருவி அவள் தோளில் அடித்தான். காறை எலும்பு உடைந்தது, சேலை தீப்பிடித்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள்.

மறுநாள் அய்யப்பன் போனான். உதவிக்குத்தான். உழவு மாட்டோடு நின்றிருந்த ராஜேஷைச் சேற்றில் தள்ளி, உலக்கையால் முழங்காலை உடைத்தான். ராஜேஷ் இன்றைக்கும் கால் இழுத்துத்தான் நடக்கிறான். எனக்கு அதில் வருத்தமே இல்லை. அய்யப்பன் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தான். இன்னொரு தடவை கை நீட்டினால் வெளியே வருவதையே மறந்துவிட வேண்டியதுதான் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். அவனுக்கு மனைவி ஜெயம்மாள் இருந்தாள், ஒரு மகள் இருந்தாள்.

மணிமொழி பிறந்த வீட்டில், தோளில் கட்டோடு, அண்ணன் வாங்கித் தந்த பழைய போனில், அதே வாத்தியாரின் அதே பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். தேர்வில் தேறினாள். எங்கள் பள்ளிக்கு வந்தாள்.

வந்த பிறகுதான் அவளுக்கு ஒரு கோபம் பிடித்தது. அவள் படித்த இலவசப் பாடங்களை மலைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால் பாதி விளங்கவில்லை. இரண்டு ரயில்கள் எதிரெதிரே வருகின்றன என்று கணக்கு ஆரம்பிக்கும். எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ரயிலையே பார்த்ததில்லை. அந்தப் பாடங்களை யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று செய்தவர்களே எழுதி வைத்திருந்தார்கள். இவள் மாற்றினாள். ரயிலை எடுத்துவிட்டுக் கரியாலூர் பஸ்ஸையும் மரவள்ளி லாரியையும் கொண்டைஊசி வளைவில் எதிரெதிரே விட்டாள். வட்டத்துக்குப் பலாக்கொட்டை, சராசரிக்குக் கடுக்காய் மூட்டை, நிகழ்தகவுக்குக் காட்டுப்பன்றி. எல்லாம் மலைப் பேச்சில். ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பறையில் அவள் போர்டில் எழுத, நான் போனைப் பிடித்துப் படம் எடுத்தேன். பத்தாம் வகுப்புக் கணக்கு முழுவதும் முடித்தோம். கீழே வீட்டுக்குப் போய் நான் அவற்றை இணையத்தில் ஏற்றினேன்.

ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் அவள் ஒரே மாதிரி சொல்வாள். “நான் மணிமொழி. இந்தப் பாடத்த யாரு வேணாலும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம், வித்தாலும் வித்துக்கலாம். பேரைச் சொல்லிட்டு எடுத்துக்குங்க, அவ்ளோதான்.” இலவசப் பாடங்களுக்கு இப்படி ஓர் அனுமதி உண்டு. லைசென்ஸ் என்பார்கள். ஒரு தடவை ஊருக்குக் கொடுத்துவிட்டால் கொடுத்தவரே திரும்ப வாங்க முடியாது.

“விக்கவும் உடறியே, பேரு மட்டும் இன்னாத்துக்கு?” என்று கேட்டேன்.

“எங்கப்பா பேரு கேஸ் கட்டுல மட்டும்தாங்க்கா இருக்குது. எங்கண்ணன் பேரும் அங்கதான். எங்க வூட்ல ஒரு பேராவது வேற எடத்துல இருக்கட்டும்,” என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

அண்ணனிடம் மட்டும் அவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், என் பாடத்துக்கெல்லாம் லைசென்ஸ் போட்டுவிட்டேன் என்று. அய்யப்பன் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டான்.

“நெசமாவா மணி? கெவர்மெண்டு லைசென்ஸா?”

“அதவிடப் பெருசுண்ணா. ஒலகத்துக்கே செல்லும்.”

“அப்ப இனிமே உம்மேல எவனும் கை வெக்க முடியாது.”

அன்று சாயங்காலம் அவன் ஊரில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தானாம். என்னிடம் இதைச் சொல்லிவிட்டு மணிமொழி விழுந்து விழுந்து சிரித்தாள். அவனுக்குச் சரியாக விளக்கக் கூடாதா என்றேன். “சந்தோசமா இருக்கறாரு, உடுக்கா. அந்தாளு சந்தோசப்பட்டே நான் பாத்ததில்ல,” என்றாள்.

பாடங்கள் மெமரி கார்டில் ஏறி ஊர் ஊராகப் போயின. சேராப்பட்டுப் பக்கமெல்லாம் போயின. கீழேயும் இறங்கின. இறங்கின இடத்தில் கண்ணாயிரம் இருந்தார்.

கண்ணாயிரம் கள்ளக்குறிச்சியில் மாடியில் கோச்சிங் சென்டர் நடத்துகிறவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டை, வாய் நிறைய ‘அம்மா’, ‘தாயி’. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று மணிமொழியின் பாடங்களை அப்படியே எடுத்தார். எடுக்கட்டும், அவள்தான் எடுக்கச் சொன்னாளே. ஆனால் முதல் வரியை வெட்டிவிட்டார். அந்த இடத்தில் தன் படத்தைப் போட்டு, நாதஸ்வரம் ஊதவைத்து, தன் சென்டரின் சொந்தப் பாடம் என்று விற்றார். அதோடு நின்றிருந்தாலும் சகித்திருக்கலாம். மணிமொழிதான் தன்னிடமிருந்து திருடிப் போட்டிருக்கிறாள் என்று இணையத்தில் புகார் கொடுத்தார். பொதுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் அவளுடைய பாடங்கள் இணையத்திலிருந்து மொத்தமாகக் காணாமல் போயின. திருடியதை வைத்துக்கொண்டு பறிகொடுத்தவளைத் திருடி என்ற அந்த ஆளை நினைத்தால் இன்றும் எனக்குக் கை துடிக்கிறது.

செய்தி தெரிந்ததும் மணிமொழி, ஊருக்கு மேலே சிக்னல் கிடைக்கும் பாறையில் நின்று எனக்குப் போன் செய்து கத்தினாள். “அக்கா, அந்தக் கண்ணாயிரம் என் லைசென்ஸத் தூக்கிட்டாங்க்கா! லைசென்ஸ் இல்லாம ஆக்கிட்டான்!” பேரும் அனுமதியும் சொல்கிற அந்த முதல் வரியைத்தான் அவள் சொன்னாள். நாங்கள் இருவரும் அதை அப்படித்தான் பேசுவோம்.

பாறைக்குக் கீழே அய்யப்பன் ஆட்டுக்குத் தழை வெட்டிக்கொண்டிருந்தான்.

தங்கை பள்ளிக்கு வந்து சேர்ந்து, நாங்கள் பிரேயர் முடித்து உள்ளே போவதற்குள் ஜெயம்மாள் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள். “டீச்சர், அது கொடுவாள எடுத்துக்கினு பஸ் ஏறிடுச்சுங்க. ‘எந்தங்கச்சி லைசென்ஸ எவனோ புடுங்கிட்டான், இனிமே கண்டவன்லாம் அவள அடிப்பான்’னு சொல்லிக்கினே போவுதுங்க. எங்க போவுதுன்னு தெரியலங்க.”

எங்களுக்குத் தெரிந்தது. ஸ்கூட்டியில் இரண்டு பேரும் மலையிறங்கினோம். அந்த வளைவுகளில் நான் அப்படி ஓட்டியதே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மணிமொழி வழியெல்லாம், “உள்ள போனா வரமாட்டாருக்கா, இந்தத் தடவ வரவே மாட்டாரு,” என்று என் தோளைப் பிடித்துப் பிடித்து உலுக்கினாள். கோமுகி அணை, கச்சிராயபாளையம் எல்லாம் எப்படித் தாண்டினோம் என்று தெரியவில்லை.

கண்ணாயிரத்தின் மாடிப்படியில் ஏறும்போதே கூச்சல் கேட்டது. வகுப்பு நடுவில் அய்யப்பன் நுழைந்திருக்கிறான். பிள்ளைகள் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கண்ணாயிரத்தின் சட்டைக் காலர் அய்யப்பனின் இடது கையில் இருந்தது, கொடுவாள் வலது கையில் இருந்தது.

“எட்றா லைசென்ஸ! எங்க வெச்சிருக்க? எட்றா!”

“இன்னா லைசென்ஸ்ப்பா? டிரைவிங் லைசென்ஸா? நான் இன்னா ஆர்.டி.ஓ.வா?” கண்ணாயிரம் நிஜமாகவே விளங்காமல் அலறினார்.

“எந்தங்கச்சி மணிமொழி லைசென்ஸு! அத வெச்சிருந்தா அவள அடிக்க முடியாதுன்னுதானே தூக்கிட்ட?”

சென்டரில் வேலை பார்க்கும் ஒருத்தன் பின்னாலிருந்து வந்து இரும்பு நாற்காலியை மடக்கி அய்யப்பன் மண்டையில் இறக்கினான். ரத்தம் கண்ணில் வழிந்தது. அதற்குப் பிறகு அய்யப்பனுக்கு எதுவும் தெரியவில்லை. தெரியாமலே கொடுவாளை ஓங்கினான். கண்ணாயிரத்தின் கழுத்துக்குத்தான் வந்தது. மணிமொழி இடையில் பாய்ந்து வாளை வெறுங்கையால் பிடித்தாள்.

சத்தம் சின்னதாகத்தான் இருந்தது, கரும்பை நறுக்கினால் கேட்பது மாதிரி. வலது உள்ளங்கை குறுக்கே பிளந்தது. அவள் கையை விடவில்லை. வாள் நுனியிலிருந்து ரத்தம் முதல் பெஞ்சுப் பிள்ளையின் நோட்டில் சொட்டியது. அந்தப் பெண் அப்படியே மயங்கி விழுந்தாள்.

“அது துப்பாக்கி லைசென்ஸ் இல்லண்ணா,” என்றாள் மணிமொழி. அப்போதும் கத்தவில்லை. “உடுண்ணா. வாள உடு.”

அவன் விட்டான். தங்கையின் கையைப் பார்த்தான். பிறகு தன் தலையைச் சுவரில் மோதினான். மோதிக்கொண்டே இருந்தான். நான் அவனைப் பிடித்துப் படியில் தள்ளி, “ஓடு, போய்த் தொலை!” என்றேன். ஓடினான்.

ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். இரண்டு விரலுக்குப் போகும் நரம்பு அறுந்திருந்தது. அவை இனி மடங்காது. எப்படி வெட்டியது என்று டாக்டர் கேட்டார். கரும்பு வெட்டும்போது என்றாள் மணிமொழி. கணக்கு டீச்சருக்குக் கரும்புக் காட்டில் என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்தார்.

மறுநாள் கண்ணாயிரம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனாலும் துண்டைச் சுற்றியிருந்தார்.

“தாயி, நீ இல்லன்னா நான் இல்ல. உன்ன நான் மறக்க மாட்டேன்,” என்று ஆரம்பித்தார். “ஆனா பாரு, எங்க சென்டர்ல கேமரா இருக்குது. உங்கண்ணன் பண்ணது பூரா அதுல வுழுந்திருக்குது. கொலை முயற்சி. நான் போலீசுக்குப் போவல. போவவும் மாட்டேன். நீ ஒரே ஒரு வார்த்த சொல்லு. அந்தப் பாடம்லாம் கண்ணாயிரம் சாருதுதான், நான்தான் தெரியாம எடுத்துட்டேன்னு. செல்போன்ல சொல்லிடு, போதும்.”

நான் அந்த ஆப்பிள் பையைத் தூக்கி வராந்தாவில் எறிந்தேன். கண்ணாயிரம் நகரவில்லை.

“பாடம் மெமரி கார்டுல ஊர் பூரா இருக்குது. அத எவனும் புடுங்க முடியாது. பேருதான போவுது. போவட்டும்க்கா,” என்றாள் மணிமொழி. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் போனைப் பார்த்துச் சொன்னாள். இது என்னுடைய பாடம் இல்லை என்றாள். அடி வாங்கும்போதெல்லாம் அழாதவள், அவர் போன பிறகு அன்று அழுதாள்.

அய்யப்பன் காட்டுக்குள் இருந்தான். சில நாள் கழித்து, நான் மலையேறும்போது ஒரு வளைவில் வண்டிக்கு முன்னால் வந்து நின்றான். தலையில் காயம் சீழ் வைத்திருந்தது.

“டீச்சர், ஓட மாட்டேன், அடிக்கவும் மாட்டேன். லைசென்ஸ்னா இன்னா? எனக்குப் புரியற மாரி சொல்லுங்க.”

எனக்கு அவன்மேல் அவ்வளவு கோபம் இருந்தது. ஆனாலும் சொன்னேன். நம் பலா மரத்தில் ஒரு பலகை கட்டி, யார் வேண்டுமானாலும் பழம் பறித்துக்கொள்ளலாம், யாருடைய மரம் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள் என்று எழுதி வைப்பது மாதிரி என்றேன்.

அவன் யோசித்தான். “அப்ப அவன் பறிச்சது தப்பு இல்ல.”

“இல்ல.”

“பேரச் சொல்லாததுதான் தப்பு.”

“ஆமா.”

“அதுக்கா நான் வெட்டப் போனேன்?” என்று தன்னையே கேட்டுக்கொண்டான். பிறகு, “இப்ப அவ பேரு எங்க இருக்குது?” என்றான்.

கண்ணாயிரம் ஆஸ்பத்திரிக்கு வந்ததையும் மணிமொழி சொன்னதையும் நான் மறைக்கவில்லை. ஏன் மறைக்க வேண்டும்? கேட்டுவிட்டு அவன் காறித் துப்பினான். யாரை நினைத்து என்று தெரியவில்லை. “என்ன வெச்சித்தான அவ பேரப் புடுங்கிட்டான்,” என்று சொல்லிக்கொண்டே இறக்கத்தில் நடந்தான். காட்டுப் பக்கம் போகவில்லை. கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்குக் கை காட்டினான்.

நான் பள்ளிக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு மணிமொழியைக் கூட்டி வர ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். கண்ணாயிரத்தின் மாடியில் அய்யப்பன் இல்லை. நாங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது அய்யப்பன் மேஜை முன்னால் நின்று எழுதுகிறவருக்கு நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“கண்ணாயிரத்த வெட்டப் போனேங்க. எந்தங்கச்சி கையில வுழுந்துடுச்சு. அவங்க கேமராவுல எல்லாம் இருக்குதுங்க, வாங்கிப் பாருங்க. எந்தங்கச்சி சொன்னது பூரா எனக்காவச் சொன்ன பொய்யிங்க. பாடம்லாம் அவளுதுதான். அத மொதல்ல எழுதிக்குங்க.”

மணிமொழி ஓடிப்போய் அவன் கன்னத்தில் அறைந்தாள். இடது கையால். மறுபடி அறைந்தாள். சட்டையைப் பிடித்துக் கிழித்தாள். கட்டுப் போட்ட கையாலும் அவன் மார்பில் குத்தினாள். தையல் பிரிந்து கட்டெல்லாம் சிவந்தது. “எவன் உன்னக் கேட்டான்? பேரக் குடுத்துத்தான உன்னக் காப்பாத்துனேன்! உம்பொண்ண யாரு பாப்பா? சொல்றா, யாரு பாப்பா?” வாழ்நாளில் அண்ணனை ‘டா’ போட்டு அவள் அழைத்ததில்லை. விலக்க வந்த கான்ஸ்டபிளுக்கும் ஒன்று விழுந்தது.

எல்லோரையும் அடித்துப் பழகிய அய்யப்பன், கையைக் கட்டிக்கொண்டு அவ்வளவையும் வாங்கினான். அவள் களைத்துப் போய்த் தரையில் உட்கார்ந்ததும், “கை வலிக்கப் போவுது மணி,” என்றான். “போய்த் தெகிரியமா உம்பேரப் போடு. இனிமே உன்ன மெரட்ட என்ன வெச்சி எவனாலும் முடியாது.”

வழக்கு நடக்கிறது. ஜாமீன் கிடைக்கவில்லை, பழைய முழங்கால் வழக்கும் சேர்ந்துகொண்டது. கண்ணாயிரத்தின் கேமரா கோர்ட்டுக்குப் போய்விட்டது, இனி அவரிடம் விலைபேச ஒன்றும் இல்லை. நாங்கள் படம் எடுத்த மூலப் பதிவுகளைக் காட்டி மேல்முறையீடு செய்ததில் பாடங்கள் திரும்பி வந்தன. தேர்வுக்குள் வரவில்லை. மெமரி கார்டு கிடைத்த பிள்ளைகள் அதை வைத்து எழுதினார்கள்.

மணிமொழி இப்போது இடது கையால் போர்டில் எழுதுகிறாள். எழுத்து கோணலாக வருகிறது. பாடங்களை அப்படியே விட்டுவிட்டு, முதல் வரியை மட்டும் மறுபடி பதிவு செய்தாள். ஒவ்வொன்றுக்கும். நான்தான் போனைப் பிடித்தேன்.

இந்த வாரம் கள்ளக்குறிச்சியில் கண்ணாயிரத்தின் மாடியைக் கடந்து போனேன். கடையை மூடிவிடவில்லை அவர். அந்தப் பாடங்களைத்தான் இன்னும் ஓட்டுகிறார். எடுத்துக்கொள்ள உரிமை இருக்கிறது, பேரைத்தான் வெட்டக் கூடாது என்று அவருடைய வக்கீலே சொல்லிவிட்டாராம். சன்னல் திறந்திருந்தது. ஸ்பீக்கரில் மணிமொழியின் குரல் தெருவரைக்கும் கேட்டது.

“நான் மணிமொழி. கருநெல்லி அய்யப்பனோட தங்கச்சி. இந்தப் பாடத்த யாரு வேணாலும் எடுத்துக்கலாம். எங்க ரெண்டு பேரு பேரையும் சொல்லிட்டு எடுத்துக்குங்க.”

கண்ணாயிரம் வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். நான் தெருவில் நின்று பாடம் முடியும் வரை கேட்டேன். அய்யப்பன் ஜெயிலில் இருந்தான்.